வலது கையைத் தூக்காதிருக்கும் பயிற்சி

காளியப்பனின் மேன்முறையீடு தோற்றால் அதற்குப் பிறகு முறையிட இடமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் காவலாளி அவர், வயது அறுபத்தொன்று. கீழே இருக்கும் இரும்புக் கேற்றை ஒரு கையால்தான் தள்ளுகிறார், கார்க்காரர் காத்து நிற்க வேண்டியிருக்கிறது என்று நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு போய், அடுத்த மாதத்தோடு வேறு ஆள் பார்ப்பதென்று முடிவாகிவிட்டது. இயலாமைக் கொடுப்பனவு கிடைத்தால் அவரும் மனைவி மயிலம்மாவும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அந்த ஒற்றை அறையில் தொடர்ந்து இருக்கலாம். இல்லாவிட்டால் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் மைத்துனன் குடும்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடக் கடலில் விழலாம் என்று மயிலம்மா சொல்லியிருந்தார்.

என்ன கொடுப்பனவு என்று கேட்பீர்கள். காளியப்பன் முன்னாள் இராணுவத்தவர். தமிழர்தான். பத்தொன்பது வருடம் சமையல்காரராக இருந்து லான்ஸ் கோப்ரலாக விலகியவர். மின்னேரியாப் பக்கம் லொறி புரண்டபோது பருப்பு வேகவைக்கும் பெரிய கிடாரம் வலது தோளில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. யுத்தத்தில் பருப்பால் காயப்பட்ட ஒரே ஆள் தான்தான் என்று சொல்லி அவரே சிரிப்பார்.

இராணுவத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லாமற்போன கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. ஆனால் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவள் நான். பிழையாக மூடப்பட்ட ஒரு கோப்பைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. அவருடையதை வாங்கிப் படித்தேன். முதல் விண்ணப்பத்தை நிராகரித்த மருத்துவ சபை சிங்களத்தில் ஒரே வரி எழுதியிருந்தது: ‘வலது கையைத் தலை மட்டம் வரை உயர்த்துவதில் தடையில்லை, சபையினர் நேரில் அவதானித்தனர்.’

“என்ன காளியப்பன் இது? கை எழும்பாது எண்டு சொல்லிப்போட்டு எழுப்பிக் காட்டினனீங்களோ?”

“காட்டலீங்கம்மா. சல்யூட் அடிச்சேன்.”

“ஆருக்கு?”

“மூணு பேருக்கும் சேத்துத்தாங்க.”

“நோகேல்லையே?”

“உசுரு போயிருச்சுங்க. ஆனா அது தானா எழும்புது. நான் என்னா செய்ய?”

வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பாலேயே ஒன்று போட்டிருப்பேன். விசாரணைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு மாதத்தில் ஒரு மனிதனுக்குக் கையைத் தூக்காமல் நிற்கப் பழக்க முடியாதா என்று எண்ணி, கார் நிறுத்தும் இடத்தில் தினமும் பின்னேரம் பயிற்சி வைத்தேன்.

சபைத் தலைவராக நடிக்க மூன்றாம் மாடி இரத்தினசிங்கம் அண்ணையைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், நிர்வாகக் குழுத் தலைவர். ஆளை நிற்பாட்டும் முடிவில் கையெழுத்து வைத்தவர் என்பதால் மறுக்க முடியவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கதிரை போட்டு அமர்ந்து, “கோப்ரல் காளியப்பன்!” என்று கர்ச்சித்தார். காளியப்பன் காவலாளித் தொப்பியோடு சும்மா நின்றார். கை அசையவே இல்லை.

“ஐயாவப் பாத்தா வர மாட்டேங்குதுங்க” என்றார் மெதுவாக.

அதிபரின் முகம் விழுந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனிதர்.

நடன உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் போய், தங்க நூல் வைத்த ஓர் அதிகாரித் தொப்பி எடுத்து வந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கானது. அண்ணையின் தலையில் அது பானைக்குப் பொருந்தாத மூடிபோலச் சரிந்து நின்றது. ஆனால் அதைக் கண்டதும் காளியப்பனின் கை விர்ரென்று நெற்றிக்கு ஏறிவிட்டது. “ஐயோ அம்மா!” என்று கத்தியபடியே சல்யூட் அடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

“திருப்பி ஒருக்காப் பாப்பமே?” என்றார் இரத்தினசிங்கம் அண்ணை. அவருக்குப் பிடித்துவிட்டது. நாலு தரம் அடிக்க வைத்தார். நான் தொப்பியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அண்ணைக்குத் தொப்பியைத் திரும்பப் போட்டு, காளியப்பனின் வலது கையில் கோப்புக் கட்டைக் கொடுத்துப் பார்த்தோம். அதை இடது கைக்கு மாற்றிவிட்டு அடித்தார். நிறைந்த பிளேன்ரீக் கோப்பையைக் கொடுத்தோம். தேநீர் முழுவதும் அண்ணையின் வெள்ளைச் சட்டையில் போயிற்று. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், ஜெகதீஸ்வரி. என்னை விடு பிள்ளை” என்று அவர் எழும்பினார்.

அப்போதுதான் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த மயிலம்மா வாயைத் திறந்தார்.

“தொப்பி போடாத தலையோட சல்யூட் அடிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

காளியப்பன் யோசித்தார். “ஆமா. அது சட்டம். தலையில ஒண்ணும் இல்லாட்டி நிமிந்து நிக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப முதல் விசாரணைக்கு?” என்றேன்.

“வாச்சர் தொப்பி போட்டுட்டுப் போனேங்க. இவதான் துவைச்சு, கஞ்சி போட்டுக் குடுத்தா. மதிப்பா இருக்கும்னு.”

கடவுளே. ஒரு கஞ்சி போட்ட தொப்பியால் ஒரு வருடம் போயிருக்கிறது. தொப்பி போட்ட அண்ணைக்கு முன்னால் காளியப்பனை வெறுந்தலையோடு நிறுத்திப் பதினொரு தரம் பரீட்சித்தோம். கை தொடையோடு ஒட்டியபடி இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. இரத்தினசிங்கம் அண்ணைக்கு மட்டும் கொஞ்சம் கவலை.

விசாரணை அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, தொப்பியில்லாமல் வந்தார். மேன்முறையீட்டை எழுதியவள் என்ற முறையில் நானும் போனேன். கந்தோரின் பெயர் வேண்டாம். விசாரணை அறை வாசலில் துவக்கோடு ஓர் இளம் சிப்பாய் நின்றான். இருபது வயது இருக்கும். எங்களைப் பார்த்து, “ஐடென்டிட்டி...” என்று தொடங்கினான்.

அவன் சொல்லி முடிக்கவில்லை. காளியப்பனின் வலது கை நெற்றியில் இருந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே சபையினர் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய கை இம்முறை இறங்கவும் மறுத்துவிட்டது. அவ்விடத்திலேயே குந்தியிருந்து அழுதிருப்பேன், அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் சல்யூட் அடித்தபடியே உள்ளே நடந்தார். சல்யூட் அடித்தபடியே கதிரையில் அமர்ந்தார்.

“கையைக் கீழே போடுங்கள்” என்றார் நடுவில் சீருடையோடு இருந்த சபைத் தலைவர், ஒரு கேணல். அங்கே நடந்த பேச்செல்லாம் சிங்களம்.

“முடியவில்லை, சேர்.”

சபையில் இருந்த பெண் டொக்டர் எழுந்து வந்தார். ஒரு கையைத் தோளிலும் மற்றதை முழங்கையிலும் வைத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினார். தோளுக்குள் எலும்பு உரசியது எனக்கே கேட்டது. காளியப்பனின் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. டொக்டர் கேணலைப் பார்த்தார்.

கேணலுக்குக் கோபம் வேறு விடயத்தில். “தொப்பியில்லாமல் சல்யூட்டா? அதுவும் சாதாரண சிப்பாய்க்கு? லான்ஸ் கோப்ரல், இதை உமக்கு யார் பழக்கியது?”

நான் வாயைத் திறந்தேன். பேசாமல் இருக்கச் சொன்னார்.

“படையில் பழகியதில்லை, சேர்” என்றார் காளியப்பன். “விலகி வந்த பிறகு கொட்டாஞ்சேனையில் பழகியது. இரண்டாயிரத்து ஆறு, ஏழில் சந்திக்குச் சந்தி மறித்துச் சோதிப்பார்கள். என் பெயரும் தமிழ், முகமும் தமிழ். அட்டையை எடுக்கப் பொக்கெட்டுக்குள் கை விட்டால் துவக்கைத் தூக்குவார்கள். அதனால் அவர்கள் கேட்க முதலே சல்யூட் அடிப்பேன். அடித்தால் நம்ம ஆள் என்று சிரிப்பார்கள். பிறகு ஆறுதலாக அட்டையை எடுக்கலாம். நோகிறது என்று பார்த்தால் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாதே, சேர்.”

கேணல் பேனையை மூடினார். பிறகு திறந்தார். பக்கத்தில் இருந்த இளம் கிளார்க்கிடம், “எழுது” என்றார். “வலது கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயராது. அடையாள அட்டை கேட்டால் மாத்திரம் உயரும்.”

கிளார்க் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினான். “எந்தக் கட்டத்தில், சேர்? குண்டு, ஷெல், விபத்து, நோய். இவ்வளவுதான் இருக்கிறது.”

நோயில் போடலாம் என்றார் டொக்டர். மூன்றாமவர் அது நோயில்லை என்றார். கால் மணித்தியாலம் வாதாடினார்கள். கடைசியில் கேணல், “விபத்து என்று போடு. பருப்புக் கிடாரம். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. மற்றதற்குக் கட்டம் இல்லை, விடு” என்றார்.

காளியப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கிளார்க் படிவத்தை என் பக்கம் திருப்பினான். “சாட்சிக் கையெழுத்து, அன்ரி. உங்கள் ஐடென்டிட்டி கார்ட்...”

அவன் முடிக்கவில்லை. என் கைப்பை திறந்து கிடந்தது. மேசையில் நான் பரப்பியிருந்தேன்: அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை, கந்தோரில் வேலை செய்ததற்கான கடிதம், நாலாய் மடித்த ஒரு பழைய தாள். இரண்டாயிரத்து ஏழில் எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று எழுதி, பொலிசில் முத்திரை குத்தி வாங்கி, மறித்த இடமெல்லாம் காட்டிய பதிவுத் துண்டு. அதற்குப் பிறகு ஆறு கைப்பை மாற்றியிருக்கிறேன், ஆறிலும் இந்தத் துண்டு இருந்தது.

கிளார்க் அதை விரித்துப் பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை. “இது என்ன, அன்ரி?”

வெட்கத்தில் காது சுட்டது. காளியப்பன் இடது கையை நீட்டி அந்தத் துண்டை எடுத்தார். பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தார்.

“உள்ளுக்கு வைங்கம்மா” என்றார்.