எதையும் வைத்துக்கொள்ளாத சிடி

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரிந்துகொண்டு யாராவது "அச்சச்சோ" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தால் நான் வெட்கப்பட்ட ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சிதம்பரத்தில் தமிழில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வீடு கடலூரில். போக வர பஸ்தான். கடற்கரையில் மீன் விற்கும் பெண்களின் பேச்சுதான் ஆய்வுப் பொருள். ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினத்தில் மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். "தள்ளி நில்லு சாமி, கத்தி கித்தி படப்போவுது" என்று யாராவது அதட்டுவார்கள். அதெல்லாம் காதுக்கு உண்டான வேலை; யார் தயவும் தேவையில்லை. எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால்தான் கம்ப்யூட்டர் எனக்குக் கம்ப்யூட்டர். இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. அப்போது எனக்குச் சொந்தமாக ஒன்று வாங்க வசதியில்லை. பிரவுசிங் கடைகளில் கேட்ட இடத்திலெல்லாம், "எங்க மெஷின்ல எதையும் ஏத்தக்கூடாது சார், வைரஸ் வந்துரும்" என்றார்கள். கடலூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த என் கல்லூரித் தோழனிடம் போய்ப் புலம்பினேன். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"அவன் கம்ப்யூட்டர்ல எதுக்குடா ஏத்துற? உன் கம்ப்யூட்டர நீ பையில போட்டு எடுத்துக்கினு போ மச்சான்" என்றான்.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். கையைப் பிடித்து உட்கார வைத்தான். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை எடுத்து, அதில் எனக்கு வேண்டாத விளையாட்டு, படம், அலங்காரம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, பேசும் குரல், தமிழ்த் தட்டச்சு, எழுதுவதற்கு ஓர் எடிட்டர், இவற்றை மட்டும் வைத்து ஒரு லைவ் சிடி செய்தான். லைவ் சிடி என்றால், கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றாமல் அந்தச் சிடியிலிருந்தே நேராக ஓடும். வெளியே எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பழையபடி உரிமையாளருடையது. வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் குடியிருந்துவிட்டுப் போவதைப் போலத்தான்.

ஒரே தடவையில் வந்துவிடவில்லை. முதல் சிடி வாய் திறக்கும் முன்பே பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு ஊமையாக நின்றது. இரண்டாவது பேசியது, ஆனால் சத்தம் பூஜ்ஜியத்தில். "ஏண்டா, கண்ணத் தொறந்துகிட்டு பாக்குறவனுக்கு செய்யிற மாதிரியே செய்யிறியே" என்று கத்தினேன். அதன் பிறகு அவன் மானிட்டரை அணைத்துவிட்டுச் சோதிக்க ஆரம்பித்தான். தன் கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்காகத் தடவித் தடவி வேலை செய்திருக்கிறான் அந்தப் பாவி. ஒன்பதாவது சிடி சரியாக வந்தது. பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. சிடி சுற்றும் சத்தம் எனக்கு வேண்டும். அந்த "விர்ர்" கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பென்டிரைவ் செத்ததா இருக்கிறதா என்றே தெரியாது.

"ஒண்ணு மட்டும் மறக்காத மச்சான்" என்று கையில் கொடுக்கும்போது சொன்னான். "இது எதையும் வெச்சுக்காது. ஆஃப் ஆச்சுன்னா அவ்ளோதான், நீ அடிச்சதெல்லாம் போயிரும். அரை மணிக்கொரு தடவ பென்டிரைவ்ல சேவ் பண்ணிக்கோ."

அந்தச் சிடியால் சிதம்பரத்தில் எனக்கு ஒரு கடை கிடைத்தது. ஜெராக்ஸ், பிரவுசிங், பைண்டிங் எல்லாம் சேர்ந்த கடை. அதை ஓர் அக்கா தனியாக நடத்திவந்தார். "உள்ள எதுவும் ஏறாது இல்ல சார்? அப்ப உக்காருங்க" என்று முதல் நாளே சொன்னார். இரண்டு வருடம் அவருடைய முதல் மேஜையில் உட்கார்ந்துதான் ஆய்வேட்டை எழுதினேன். மானிட்டரை அணைத்துவிட்டுத்தான் எழுதுவேன். எனக்கெதற்குத் திரை? பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து "அட, அட" என்பதும் மிச்சம்.

கடைசி நாள் வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தேன். அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இத்தனை வருட உழைப்பும் குப்பை. மற்ற இயல்களை அச்சிட்டு அக்காவிடம் கொடுத்திருந்தேன். நெறியாளர் கடைசி இயலை மட்டும் முழுக்க மாற்றி எழுதச் சொல்லியிருந்தார். கடை திறந்ததும் போனேன். ஏதோ வேலைக்கு விண்ணப்பிக்கும் கூட்டம். என் மேஜை காலியில்லை. மூலையில் இருந்த மெஷினில் உட்கார்ந்தேன். அதன் பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. சிடியைப் போட்டேன், மானிட்டரை அணைத்தேன், ஹெட்ஃபோனை மாட்டினேன். விடாமல் மூன்று மணி நேரம் அடித்தேன். சேவ்? முடித்துவிட்டு ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற திமிர்.

எழுதி முடித்ததும் முழுவதையும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். குரல் படித்துக்கொண்டே போனது. பாதி வார்த்தையில் நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரம். கூட்டம் போய்விட்டது. சூடேறாமல் இருக்க, சும்மா இருக்கும் மெஷின்களை மதியத்தில் அணைத்துவைப்பது அக்காவின் வழக்கம். மூலையில் திரை இருட்டாக இருக்கிறது, சார் வேலையை முடித்துவிட்டுக் கண்ணை மூடி அசந்து தூங்குகிறார் என்று நினைத்துச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் அடித்தேன். "ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் யார் யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பது உறைத்தது. அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடலூருக்கு ஃபோன் போட்டேன்.

"மச்சான், எப்படியாச்சும் எடுத்துக் குடுடா, உன் கால்ல வுழறேன்."

"முடியாதுடா. அது வெச்சுக்காதுன்னு சொன்னேன்ல? வெச்சுக்கக் கூடாதுன்னுதான்டா பாத்துப் பாத்து செஞ்சேன்" என்றான்.

ஃபோனை வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அக்கா உட்கார்ந்தார்.

"சார், திட்டுங்க, பரவால்ல. மொதல்லேர்ந்து திருப்பி டைப் அடிங்க. நான் சொல்றேன்."

"நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க?"

"நீங்கதான் அடிக்கும்போது ஒவ்வொரு வரியா வாய்விட்டு சொல்லிக்கினே அடிக்கிறீங்களே. காதுல அத மாட்டிக்கினா உங்களுக்கு உங்க சத்தம் தெரியாது போல. ஜெராக்ஸ் எடுத்துக்கினே கேட்டுக்கினுதான் இருந்தேன். ரெண்டு வருஷமா கேக்குறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருடம்! அந்தக் கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே என் ஆய்வைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா மீண்டும் மெஷினைப் போட்டார். சிடி சுற்றத் தொடங்கியது. "மொதல்ல ஏலம் பத்தி சொன்னீங்க. அப்புறம் கூறு போடறது. அப்புறம் வயசானவங்க கூப்புடற கூப்பாடு" என்று அவர் வரிசை சொல்லச் சொல்ல, எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விரல் பறந்தது. ஒவ்வொரு பத்திக்கும் பென்டிரைவில் சேவ் செய்தேன்.

"அடுத்தது போணி" என்றேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினார். "சார், அத மட்டும் திருப்பி அடிக்காதீங்க. அது தப்பு."

இருக்கிற அவசரத்தில் இது வேறா என்று எரிச்சல் வந்தது. போணி என்பது அன்றைய முதல் வியாபாரம். முதலில் வருபவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் விற்கும் பெண்கள் மறுத்துப் பேசுவதில்லை. பதில் சொல்லாமல் இறங்கிப் போகிறார்கள், அது அவர்களின் பேச்சில் உள்ள பணிவு. இதுதான் நான் கண்டுபிடித்தது. சொன்னபோது நெறியாளர்கூடப் பாராட்டிய இடம். என் ஒலிப்பதிவுகளில் போணியின்போது விலை கேட்டதும் எப்போதும் ஒரு மௌனம் இருக்கும்.

"எங்க அம்மா தேவனாம்பட்டினத்துல மீன் வித்தவங்க சார். நான் கூடவே குந்திக்கினு இருப்பேன்" என்றார் அக்கா. "போணிக்கு வந்தவங்கள இல்லன்னு வாயால சொல்ல மாட்டாங்க. கட்டுப்படியாவாத வெல கேட்டா, கையில தண்ணிய எடுத்து மீனு மேல தெளிச்சு, மீன அப்படியே பெரட்டி வெப்பாங்க. குடுக்க மாட்டேன்னு அர்த்தம். கேட்டவங்களுக்குப் புரிஞ்சிரும். ஏத்திக் கேப்பாங்க, இல்ல போயிருவாங்க. பணிவாவது, ஒண்ணாவது! எங்கம்மாவா எறங்கிப் போறவ?"

பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தேன். ஒரு போணியைத் தேடிப் போட்டேன். விலை கேட்கும் குரல். மௌனம். மௌனத்துக்குள் "சளக்." பிறகு மீன் புரளும் ஈரச் சத்தம். பிறகு கேட்டவர் விலையை ஏற்றுகிறார். இன்னொன்றைப் போட்டேன். சளக். இன்னொன்று. சளக். இத்தனை வருடமாக நான் கேட்ட சத்தம்தான். மீன் வாடாமலிருக்கத் தெளிக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். காதுக்கு உண்டான வேலை, யார் தயவும் தேவையில்லை என்று நினைத்திருந்தவனின் காது அது.

அந்தப் பகுதியைப் புதிதாக எழுதினேன். அக்கா சாப்பிடவே இல்லை. ஒரு கையால் அச்சிட்டு, மறு கையால் அடுக்கி, பைண்டிங் போட்டு, கடையை இழுத்து மூடி, ஆட்டோவில் என்னோடு அலுவலகம் வரை வந்தார். அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டார்கள்.

பட்டம் தருவதற்கு முன் வாய்மொழித் தேர்வு நடக்கும். அது பொதுவில் நடப்பது; யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாக மற்ற ஆய்வு மாணவர்கள் டீக்கும் மிக்சருக்கும் வந்து நாற்காலியை நிரப்புவார்கள். எனக்கு என் மச்சான் கடலூரிலிருந்து வந்திருந்தான். அக்காவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் போணிப் பகுதியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். "இது யாரும் சொல்லாதது. உங்களுக்கு யார் காட்டினது?" என்றார். "பின்வரிசையில இருக்காங்க ஐயா" என்றேன். தேர்வாளர் எழுந்து நின்று அக்காவைக் கைகூப்பி வணங்கியதாக மச்சான் பிறகு சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மச்சானும் அக்காவும் இல்லையென்றால் எனக்கு ஏது பட்டம்? இன்று எனக்குச் சோறு போடும் வேலை ஏது?

முடியும் தறுவாயில், பார்வையாளர்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். யாரும் கேட்பதில்லை. அன்று ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "அன்னைக்கு நான் சுவிட்ச அணைக்காம இருந்திருந்தா, எங்கம்மா எறங்கிப் போறவன்னுதான சார் இதுல எழுதியிருப்பீங்க?"



"ஆமாங்க்கா" என்றேன். "அப்படித்தான் எழுதியிருப்பேன்."