சாவு வீட்டுக்கு அளவு நாடா கொண்டு போகாத அண்ணன்

றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் நான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் சாவு வீட்டுத் தப்பு மேளச் சத்தம் கேட்டது. மலை வளைவில் திரும்பினால் குறையும், அடுத்த வளைவில் மறுபடியும் கேட்கும். சட்டைப் பையில் அளவு நாடா கிடந்தது. தேயிலைக்குள் வீசிவிடலாம் என்று அதைக் கையில் எடுத்தேன். அண்ணனுடைய நாடா என்பதால் வீசவில்லை. "நீ கடைக்குப் போடா, நான் பின்னால வர்றேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் கடைக்குப் போகவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அன்று நடந்தது தெரியும். சிலர் அந்த முற்றத்திலேயே நின்றவர்கள். ஆனாலும் அண்ணனைப் பற்றி எழுதுவதற்கு அதைத் தாண்டிப் போக எனக்கு வழியில்லை. அண்ணன் காலமாகி ஒரு வருடம் நிறைகிறது. "நீங்கதான் எழுதணும் தம்பி" என்று அண்ணி சொன்னார்கள். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. கூடப் பிறந்தவன் என்பதைத் தவிர இதை எழுத வேறு தகுதியும் இல்லை.

அண்ணன் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அருவிச் சத்தம் கேட்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அம்மா என்னைப் பெற்றதோடு கண்மூடியவர். அப்பா மலையில் தண்ணீர் வடியும் கானில் வழுக்கி விழுந்து இறந்தபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. அவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்து எனக்குச் சோறு போட்டார். பிறகு கம்பளையில் ஒரு தையல் கடைக்குப் போய்க் காஜா எடுத்துத் தொழில் பழகினார். தோட்டத்து வேலையை விட்டதால் தோட்டப் பதிவிலிருந்து அவருடைய பேரை வெட்டினார்கள். பேர் போனால் லயத்து அறையும் போகும். நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்கு வந்தோம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, எங்கள் ஆட்களுக்கு வோட்டு இல்லை என்று ஆகியிருந்த நேரம் அது.

அட்டனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா, தம் வராந்தாவில் மெஷின் போட இடம் கொடுத்தார். இடம் கிடைத்தது, தைக்க ஆள் வரவில்லை. டவுனில் பழைய தையல்காரர்கள் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்கள் தெரிந்த முகத்திடம்தான் துணியைக் கொடுப்பார்கள். தெரிந்த முகமாக ஆவதற்குத் தோட்டத்துக்குள் போக வேண்டும். பேர் இல்லாதவன் உள்ளே போனால் காவக்காரன் மறிப்பான். வியாபாரி என்று தெரிந்தால் துரையின் பங்களா வரை கொண்டுபோய் நிறுத்துவான்.

ஒரு காரியத்துக்கு மட்டும் எந்தத் தோட்டத்திலும் யாரையும் மறிக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போகிறேன் என்றால் காவக்காரனே வழி காட்டுவான். அண்ணன் அந்த வழியாகத்தான் போனார். கொழுந்து லொறிக்காரர்கள் மூலம் எங்கே சாவு என்று தெரிந்ததும் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். பாடைக்குக் கம்பு வெட்டுவார், குழிக்கு மண் அள்ளுவார், தூரப் போய் உட்கார்ந்து அழும் கிழவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மாதங்கள் கழித்து யாராவது வராந்தாவுக்கு வந்து நிற்பார்கள். "எங்கப்பா குழிக்கு மண்ணு அள்ளுனது நீங்கதானுங்களே?" என்பார்கள். பிறகு கையிலிருக்கும் துணியை நீட்டுவார்கள். அப்படித்தான் ஒவ்வொரு தோட்டமாக அவருக்குத் திறந்தது.

டவுனில் கேலி இல்லாமல் இல்லை. 'எழவு வீட்டு டைலர்' என்று பெயர் வைத்தார்கள். நானாவும் விடமாட்டார். "தம்பி, நீங்க மெஷின மூடினா எனக்கு ஒரு மவுத்துச் செய்தி. பேப்பர் வாங்கத் தேவல்ல" என்பார். அண்ணன் சிரிப்பார். ஆனால் அந்தக் கேலி அவரை உள்ளே உறுத்தியது எனக்குத் தெரியும். ஒருமுறை இருவரும் மலையேறும்போது, "நான் போறது சாவுக்கா சட்டைக்கான்னு எனக்கே சில நேரம் வெளங்கலடா" என்றார். அதனால்தான் அந்தப் பழக்கத்தை வைத்திருந்தார். சாவுச் செய்தி வந்தால் கழுத்திலிருக்கும் அளவு நாடாவை எடுத்துச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டுவார். சாவு வீட்டுக்கு நாடா வராது. அது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டளை.

றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணி காலமானார். அது பெரிய தோட்டம். அங்கே அண்ணனுக்கு அப்போதுதான் வழி திறந்திருந்தது. என்னையும் கூட வரச்சொன்னார். நான் எந்த வேலையிலும் ஒரு மாதம் தரித்து நிற்காதவன். இந்தத் தொழிலிலாவது நிற்பேன் என்று நினைத்திருப்பார். கிளம்பும்போது அவர் ஆணியில் மாட்டிய நாடாவை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு சனம் கூடும் இடத்துக்கு நாடா இல்லாமல் போவது எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது.

முற்றத்தில் கங்காணியின் இளைய மகன் ராசு தனியாக நின்றான். என் வயதுதான் இருக்கும். "டைலர் அண்ணனோட தம்பிதானே நீங்க? கருமாதிக்கு ஒரு வெள்ளச் சட்டை வேணும். டவுனுக்கு வர ஏலாது" என்றான். நானே பிடிக்கப்போகும் முதல் தையல் வேலை அது. நாடாவை எடுத்து அவன் தோளில் வைத்தேன். அதே நேரம், பெட்டி செய்வதற்காகப் பிணத்தை அளந்துவிட்டுத் தோட்டத்துத் தச்சர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வந்த கங்காணியின் மனைவி காளியம்மா அந்த வாசலிலிருந்து என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! எம்புருசன அளந்தது பத்தலியா? உசுரோட நிக்கிற புள்ளையையும் அளக்கிறியா?"

ஒப்பாரி நின்றுவிட்டது. தப்பு அடிப்பவர்களும் நிறுத்திவிட்டார்கள். "டைலரு கூட்டத்துக்கு எழவு வீடுதான் கடைவீதி" என்று ஒருவர் சொன்னார். குழி வெட்டிவிட்டு மண் கையோடு வந்த அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தார். என்னை அடித்திருக்கலாம். அந்த அம்மாவின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார். பிறகுதான் என்னைக் கடைக்குப் போகச் சொன்னார். அத்தனை பேர் நடுவில் அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் இறங்கினேன். றொசல்லயில் ரயில் ஏறினேன். அட்டன் வந்ததும் இறங்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். நானுஓயா வரை நிமிரவில்லை.

அதன் பிறகு நடந்தவை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன கொஞ்ச நாளில் ராசுவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அளவெடுத்த காய்ச்சல் என்றே தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து துணி வருவது நின்றது. தைக்கக் கொடுத்த துணிகளைக்கூடச் சிலர் வாங்கிப் போய்விட்டார்கள். அண்ணன் மெஷினை மூடிவிட்டு, கஞ்சிப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். காளியம்மா அந்தக் கஞ்சியை மகனுக்குக் கொடுக்க விடவில்லை. "கொண்டாந்தத கொண்டு போங்க" என்பாராம். மறுநாளும் கொண்டு போவார். வார்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். "என்னங்க, அந்தம்மாதான் வேணாங்குதே" என்று அண்ணி கேட்டதற்கு, "எந்தம்பி வச்ச நாடா. நான்தான எடுக்கணும்" என்றாராம்.

ராசு பிழைத்துக்கொண்டான். அடுத்த தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வராந்தா நிறைய ஆள் நிற்கும்போது, காளியம்மா மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "டைலரு, இப்ப எடுங்க இவனுக்கு அளவு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். நான் கொண்டுபோன நாடாவுக்குப் பதிலாக வாங்கிய புது நாடாவை அண்ணன் எடுத்தார். எல்லாரும் பார்க்க அதை ராசுவின் தோளில் வைத்து அளந்ததாக அண்ணி சொன்னார்கள். தைத்துக் கொடுத்த சட்டைக்கு அண்ணன் கூலி வாங்கவில்லை என்று காளியம்மா சண்டை போட்டாராம். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் அண்ணன் சாவுக்கு மட்டும் போகவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வெற்றிலை வைத்து அழைத்தார்கள்.

நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார். நான் வாங்கியிருக்க வேண்டிய பேச்சை அவர் வாங்கினார். எப்போதாவது அட்டனுக்கு வந்து போகும்போது அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. "சாப்டியா, எங்க வேலை?" அவ்வளவுதான். நானும் பேச்சை எடுக்காமலே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

கடைசிக் காலத்தில் மூச்சு இழுப்பு அதிகமாகி அண்ணனால் மலையேற முடியவில்லை. சாவுச் செய்தி வந்தால் நாடாவை ஆணியில் மாட்டிவிட்டு அண்ணியை அனுப்புவார். அவர்கள் திரும்பி வரும்வரை மெஷினை மிதிக்க மாட்டார். அவர் போன அன்று நான் வவுனியாப் பக்கம் வயல் வேலையில் இருந்தேன். செய்தி என்னைத் தேடிப் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது குழியின் மேல் மண் காய்ந்திருந்தது. எத்தனையோ வீட்டுக் குழிக்கு மண் அள்ளியவருக்கு நான் ஒரு பிடி போடவில்லை.

அந்தப் பிடியைப் போட்டவர்களுக்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. தோட்டம் தோட்டமாக வந்து வீதியை நிறைத்த சனங்களுக்கும், கடையை அடைத்துவிட்டுக் கூடவே நடந்த நானாவுக்கும், பாடையின் முன்கம்பைக் கடைசி வரை மாற்றிக் கொடுக்காத ராசுவுக்கும், அண்ணியை இன்றுவரை தனியே விடாத காளியம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. ராகலையில் மரக்கறி லொறி வைத்திருந்த பழனியாண்டி அண்ணன் அவர். நான் ஓடிப்போன மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில், அவருடைய லொறிக்குப் பக்கத்தில் நின்று வேலை கேட்டேன்.

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

"எனக்கு யாரும் இல்லிங்க."

"யாருமில்லாதவன் போட்டிருக்க சட்டையப் பாரு! யாரு தச்சது?"

அதற்குப் பொய் சொல்ல வரவில்லை. "எங்கண்ணன். அட்டன்ல, நானா கடை வராந்தாவுல" என்றேன்.

அவர் தூக்கிய மூட்டையைக் கீழே வைத்தார். "அவரு தம்பியா நீ? எங்காத்தா செத்த அன்னிக்கி அட மழ. பாடை தூக்க ஆளில்லாம நிக்கிறோம். எங்கேருந்தோ வந்து முன்கம்பப் புடிச்சாரு மனுசன். பேருகூடச் சொல்லல. பின்னால விசாரிச்சுத்தான் டைலருன்னு தெரியும்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணன்தான் எங்கிட்ட அனுப்புனாரா?"

"ஆமாங்க" என்றேன்.

"பொறகென்ன, ஏறு" என்றார். கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் மூட்டைகளை லொறியில் ஏற்றி அடுக்கும் வேலை. அன்று காலையே தூக்கத் தொடங்கினேன்.