அத்தைக்கும் ஆபீசுக்கும் ஒரே டிவி

நான் வீட்டோடு மாப்பிள்ளை. பசுமலையில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு புனேயில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்பது முன்னறை. ஒரு பக்கம் என் மேஜை, எதிர்ப்பக்கம் அத்தையின் கட்டில். எனக்கு மீட்டிங் என்றால் அவர் சீரியலின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு வாயசைவிலேயே கதையைப் புரிந்துகொள்வார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ‘இது என் வீடு’ என்ற தொனியில் ஒரு பேச்சு வந்ததில்லை. வெளியே எவன் நக்கலடித்தாலும் நான் நிமிர்ந்து நடந்தது அவர் கொடுத்த அந்த மரியாதையில்தான்.

போன சித்திரையில் ஒரே வாரத்தில் என் மானிட்டரும் அவருடைய டிவியும் படுத்துவிட்டன. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கினால் இடமும் மிச்சம் என்று சொல்லிவிட்டு என் மனைவி பேங்குக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பம். மேஜையில் உட்கார்ந்து பொடி எழுத்து படிக்கிற எனக்கு முப்பத்திரண்டு இஞ்ச் தாராளம். கட்டிலில் சாய்ந்து பார்க்கிற அத்தைக்கு ஐம்பத்தைந்து இஞ்சாவது வேண்டும். நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று இருவரும் பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம்.

அதற்காக அரை நாள் லீவு போட்டிருந்தேன். மானிட்டர் கெட்டுப்போச்சு என்று உண்மையைச் சொல்லியிருந்தாலே மேனேஜர் கொடுத்திருப்பார். உண்மையைச் சொல்லி லீவு கேட்டு நமக்கு எங்கே பழக்கம்?

கடைச் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி பறந்தது. கிளி எந்த டிவியிலும் அழகாகத்தான் தெரியும், எனக்கு எழுத்து தெரிய வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அதற்கென்ன அண்ணே என்று என் லேப்டாப்பை வாங்கி ஒரு வயரில் செருகினார். அத்தனை டிவிக்கும் அந்த ஒரு வயர்தான் என்பது எனக்கெப்படித் தெரியும்? கிளிகள் மறைந்தன. இருபது டிவியிலும் கடைசியாகத் திறந்து வைத்திருந்த என் லீவு மெயில் வந்து நின்றது.

அத்தை இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குத் தூரத்துப் பார்வை பிரமாதம். மாமியார் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், நிலைமை மோசம், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்பதையெல்லாம் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயரை உருவினார். மறுபடியும் கிளி பறந்தது.

“ஐ.சி.யூ. வரைக்கும் எதுக்கு? காய்ச்சல்னு எழுதுனா விட மாட்டாகளா?”

அவ்வளவுதான் கேட்டார். மாமா ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்துதான் போனார். அந்த ஒன்பது நாளும் அத்தை வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐம்பத்தைந்து இஞ்சைக் காட்டிப் பில் போடச் சொன்னேன்.

ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன். சரி விடுங்க என்றார். சோறு போட்டார், காபி கொடுத்தார். ஆனால் வாய்க்கு வாய் வருகிற ‘மாப்ள’ மட்டும் வரவே இல்லை. இரண்டு நாள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தேன்.

டிவி வந்து மாட்டியாயிற்று. மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வரியின் கடைசிக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துபோனது. வேறு வழியில்லாமல் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அத்தையின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜரின் முகம் அண்டா அளவுக்கு வந்தது. எடுத்த எடுப்பில் மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தை கேமராவுக்குள் தலையை நீட்டினார். தான் வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், மருமகன்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதாகவும் சுத்தமான டீச்சர் இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் கடவுளுக்கு நன்றி சொன்னார். நான் அவசரமாக மைக்கை அணைத்தேன்.

“இனிமே லீவு வேணும்னா ஒங்களுக்கே காய்ச்சல்னு போடுங்க மாப்ள. என்னையச் சாகடிக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க.”

மாப்ள என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்ததால் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். பேசிக்கொண்டிருந்த மேனேஜர் மறைந்து சீரியல் வந்தது. அதில் ஒரு மாமியார் ஐ.சி.யூ.வில் கிடக்க, கண்ணாடிக்கு வெளியே மருமகன் நின்று கதறிக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். அத்தை சீரியலைப் பார்த்தபடியே சொன்னார்:

“இவருக்கு எம்புட்டு நாள் லீவு குடுத்தாகளோ.”