வஜ்ர சம்ஹார பூபதியும் மேலூர் லாரியும்

வில்லாபுரத்தில் எங்கள் தெரு முனை வீடியோ கேம் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஜப்பானிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த கேசட்டில் எழுத்து ஒன்றும் புரியாது. ஆகவே எந்த அரக்கனை எவன் முதலில் வீழ்த்துகிறானோ, அவன்தான் அதற்குப் பெயர் வைப்பான். கடைக்கார அண்ணன் போட்ட சட்டம்.

எதிர்வீட்டு நண்பன் பத்துப் பதினைந்து பெயர் வைத்திருந்தான். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவன். பெயர்கள் அவன் வாயிலிருந்து தானாக வந்து விழும். எனக்கு வயிறு எரியும். ஒருவழியாக, முதுகில் பாறையோடு வரும் பெரிய அரக்கனை நான் முதலில் சாய்த்தேன். ராத்தூக்கம் கெட யோசித்து ‘வஜ்ர சம்ஹார பூபதி’ என்று பெயர் சூட்டினேன்.

நண்பன் திரையைப் பார்த்தான். “கல்லு ஏத்திக்கிட்டு மேலூர் லாரி வருதுடா!” என்றான்.

அவ்வளவுதான். கடை முழுக்க மேலூர் லாரி. சட்டம் பேசிச் சண்டைக்குப் போனேன். “மாப்ள, ஒன் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது அடிச்சுப் போட்டுருதுடா” என்றார்கள். அந்த இரண்டு சொல்லையும் என் வாயால் சொல்வதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பின்னால் கேம் கடை பிரவுசிங் சென்டர் ஆனது. அண்ணன் அதே அண்ணன். இலவசமாக இடம் தரும் ஓர் இணையச் சேவையில் நண்பன் அந்த விளையாட்டுக்கென்றே பக்கங்கள் போட்டான். ஜப்பான் பெயர், அமெரிக்காவில் மாற்றிய பெயர், வில்லாபுரம் பெயர் என்று வரிசையாக. எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்ததாம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து வயிறெரிந்து யார் ஆஸ்பத்திரிக்கு அலைவது?

அவன் வேலைக்கு வெளியூர் போன பிறகு ஒருநாள் அண்ணன் சொன்னார்: “அந்தச் சேவைய இன்னையோட மூடுறாய்ங்களாம்.”

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் ஒருவேளை, சட்டப்படி என் பெயரை அவன் போட்டிருந்தால்? உலகத்தில் அது இருக்கும் ஒரே இடம் அதுதானே! ஓடிப்போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேவலம், ஒரு கல் பொம்மைக்கு!

பக்கம் பக்கமாகத் திறந்து தேடினேன். ஜப்பான் பெயருக்கு ‘கல் சுமப்பவன்’ என்று பொருளாம். ஜப்பான் மொழி தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறான், படவா. அமெரிக்கர்கள் ‘இடிகளின் பேரரசன்’ ஆக்கியிருந்தார்கள், படாடோபத்தில் என் சாதி. வில்லாபுரம் பெயர்: வஜ்ர சம்ஹார பூபதி. கீழே, ‘முதலில் வீழ்த்தியவன் வைத்தது’. மேலூர் லாரி மருந்துக்கும் இல்லை.

பாவி, பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்கீச்சென்றது. அவசரத்தில் மவுஸ் எங்கெங்கோ ஓடியது.

“அண்ணே, பிரிண்ட்! சீக்கிரம்ணே!”

அண்ணன் வந்து மவுஸைப் பிடுங்கினார். “எதைடா? இம்புட்டுப் பக்கத்தத் தொறந்து வச்சிருக்க.”

“மேலூர் லாரிண்ணே! மேலூர் லாரிய மட்டும் போட்டுருங்கண்ணே!”

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “ஏன் மாப்ள, ஒன் பேரச் சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லி முடிக்கிறதுக்குள்ள யு.பி.எஸ். போயிரும்ணே.”