பெரிய கேற் பள்ளிக்கூடம்

கனகேஸ்வரி ரீச்சருக்குப் பொய் சொல்ல வராது. இதை ஒரு நல்ல குணமாகச் சொல்ல வரவில்லை. சிலருக்குத் தும்மலை அடக்க முடியாது, அதுபோல அவருக்கு இது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தைவிட்டுக் கொழும்புக்கு வரும் வழியில், பையில் என்ன இருக்கிறது என்று கேட்ட சிப்பாயிடம், "ரெண்டு சீலை, ஒரு புவியியல் புத்தகம், புத்தகத்துக்குள்ள இலங்கைப் படம்" என்று ஒழுங்காகச் சொன்னார். சீலைகளை விட்டுவிட்டார்கள். படத்துக்காக அவரை ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தி வைத்தார்கள்.

அதிபர் பதவிக்கான நேர்முகத்திலும் அதே கதைதான். ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். "வகுப்பில நிண்டு நிண்டு கால் வீங்குது. அதிபருக்குக் கதிரை இருக்கு" என்றார். சபையில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வேறு யாரும் கேட்காத ஒரு பள்ளிக்கூடத்தை அவர் தலையில் கட்டினார்கள்.

அது கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்குக்குள் இருந்தது. அறுபது பிள்ளைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், நடைபாதையில் மரக்கறி விற்கிறவர்களின் பிள்ளைகள். கையில் நாலு காசு சேர்ந்த பெற்றோர் உடனே பிள்ளையைக் கழற்றிக்கொண்டு பெரிய பள்ளிக்கூடங்களுக்கு ஓடினார்கள். கணக்குக்கு ஆசிரியர் இல்லை. மலசலகூடம் ஒன்றே ஒன்று, அதுவும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டால்தான். கனகேஸ்வரி நகரத்தின் மறுகோடியில், வெள்ளவத்தையில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். காலையில் மட்டக்குளி பஸ்ஸில் நெரிபட்டு வந்து இறங்குவதும், கணக்கு ஆசிரியரும் மலசலகூடமும் வேண்டுமென்று கல்விக் கந்தோருக்கு எழுதுவதுமாக வருஷங்கள் போயின.

இரண்டாயிரத்து ஆறில் காசு வந்தது. திரும்பவும் சண்டை மூண்டிருந்த காலம். கொழும்பில் எந்த மூலையில் எது வெடிக்குமோ என்று எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள். கந்தோரிலிருந்து இராசரத்தினம் என்ற அலுவலர் நேரில் வந்து சேதி சொன்னார்.

"மிஸ், பாதுகாப்புக்கெண்டு காசு ஒதுக்கியிருக்கு. மதில் கட்டவேணும், கேற் போடவேணும். மார்கழிக்குள்ள முடிக்காட்டில் காசு திரும்பிப் போயிடும்."

"எங்களுக்கு மலசலகூடம்தான் வேணும்."

"அது பாதுகாப்புக்குள்ள வராது."

"சின்னப் பிள்ளையள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருக்குதுகள். அது பாதுகாப்பில்லாத விஷயமில்லையோ?"

இராசரத்தினம் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துத்தான் பார்த்தார். "அந்தத் தலைப்பில காசு இல்லை மிஸ்" என்றார்.

மதில் எழும்பியது. மார்கழிக் கடைசியில் லொறியில் கேற் வந்து இறங்கியபோது முடுக்கே வாயைப் பிளந்தது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. கறுப்பு இரும்பு, மேலே பொன் நிற ஈட்டி முனைகள், நடுவில் இரண்டு சிங்கத் தலைகள். அதே பெயருள்ள வேறு ஏதோ பெரிய பள்ளிக்கூடத்துக்குச் செய்த கேற் அது. அளவெடுத்துப் பார்த்தால் கேற் பள்ளிக்கூடத்தைவிட அகலம்.

"பிழையாய்க் கொண்டுவந்திட்டியள். திருப்பி ஏத்துங்கோ" என்றார் கனகேஸ்வரி.

கொந்தராத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். திருப்பி ஏற்றினால் வருஷம் முடிந்துவிடும், காசும் போய்விடும், கேற்றும் போய்விடும். இராசரத்தினம் வந்து இரண்டு மூலையையும் நடந்து பார்த்தார். ஒரு தூணை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டு, கேற்றைக் குறுக்காகப் போட்டால் சரிவரும். உள்ளே தள்ளுவதற்கு ஒரேயொரு இடைஞ்சல்தான் இருந்தது. அன்று பின்னேரமே மலசலகூடத்தை இடித்து அந்த இடத்தில் தூணை நட்டார்கள்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிள்ளைகள் எங்கே போவது? முடுக்கின் மறுபக்கத்தில், கேற்றுக்கு நேர் எதிரே ஒரு வாடகை வளவு இருந்தது. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். வரிசையில் முதல் அறையில் இடியப்பம் அவித்து விற்கும் வெள்ளையம்மா இருந்தார். அவருடைய தாய்தகப்பன் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வெள்ளையம்மா பிறந்ததே அந்த அறையில்தான். கனகேஸ்வரி போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுக்கென்னங்க டீச்சரம்மா, புள்ளைங்கதானே. நான் வாளியில தண்ணி ரொப்பி வச்சிர்றேன்" என்றார் வெள்ளையம்மா.

இப்படியாக ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம் முழுவதும், சிங்கத் தலைகளுக்குக் கீழே வரிசையாக வெளியே வந்து, முடுக்கைக் கடந்து, வெள்ளையம்மாவின் வாளியை நம்பி நடந்தது.

இனித்தான் விஷயம் வேறு பாதையில் போனது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நேர்த்தி வைக்க வருகிற வசதியான வெள்ளவத்தைப் பெண்கள் அந்தக் கேற்றைக் கண்டார்கள். இவ்வளவு பெரிய கேற்றுக்குப் பின்னால் சும்மா ஒரு பள்ளிக்கூடம் இருக்குமா? உள்ளே யாரோ பெரிய இடத்துப் பிள்ளை படிக்கிறது என்றது ஒரு கதை. வெளிநாட்டுக் காசில் நடக்கிறது என்றது இன்னொன்று. பிள்ளைகள் வரிசை குலையாமல், சத்தம் போடாமல் வெளியே போய் வருவதைப் பார்த்த ஒருத்தி, இப்படி ஒழுக்கம் கொழும்பில் எங்குமில்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். பிள்ளைகள் சத்தம் போடாததற்குக் காரணம் அவசரம்.

முதலில் வந்தவர் கதிர்காமநாதன். வெள்ளவத்தையில், காலி வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவர். மனைவியோடு வந்தார்.

"ரீச்சர், அடுத்த வருஷம் மகனை உங்கட ஸ்கூல்ல ஒண்டாம் வகுப்புக்குச் சேர்க்கவேணும்."

"ஏன்?" என்று கேட்டார் கனகேஸ்வரி. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

மனைவி கணவரின் முழங்கையில் இடித்தாள். "இன்டர்வியூ தொடங்கிட்டுது" என்று அவள் கிசுகிசுத்தது கனகேஸ்வரிக்கும் கேட்டது.

"இங்க கணக்குப் படிப்பிக்க ஆளில்லை" என்றார் கனகேஸ்வரி.

"அதுக்கு ரியூசன் இருக்குத்தானே."

"இங்கிலீஷ் மிஸ் மூண்டு மாசமாய் மெடிக்கல் லீவு."

"அவவுக்கு என்ன வருத்தம்? பொரளையில எனக்குத் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், நான் காட்டுறன்."

"பள்ளிக்கூடத்தில மலசலகூடம் இல்லை. பிள்ளையள் றோட்டைக் கடந்து போகுதுகள்."

கதிர்காமநாதன் புன்சிரிப்போடு கதிரையில் சாய்ந்தார். "ரீச்சர், எங்களுக்கு விளங்குது. நல்ல பள்ளிக்கூடம் வாற எல்லாரையும் எடுக்காது, கலைச்சுப் பார்க்கும். நாங்கள் கலைபடமாட்டம்."

அவரைத் தொடர்ந்து வந்தவர்களிடமும் கனகேஸ்வரி உண்மையையே சொன்னார். சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்தின் மதிப்பு ஏறியது. மற்ற அதிபர்கள் தங்கள் பள்ளியைப் புகழ்கிறார்கள், இவர் எவ்வளவு அடக்கம் என்றார்கள். அந்த வருஷம் விண்ணப்பங்கள் வகுப்பு கொள்ளாத அளவுக்குக் குவிந்தன. இடத்தைவிட ஆட்கள் கூடினால் நேர்முகம் வைத்தே ஆகவேண்டும் என்று கந்தோர் அறிவித்தது. கிட்ட இருக்கிறவர்களுக்கு முதலிடம், வதிவிடத்தைக் கடதாசியில் நிறுவ வேண்டும், கடதாசிக்குக் கடதாசி புள்ளி. சபைக்குத் தலைவர் அதிபர். பக்கத்தில் இராசரத்தினம்.

நேர்முகத்தன்று கதிர்காமநாதன் ஒரு கொத்துக் கடதாசியோடு வந்து உட்கார்ந்தார். குத்தகை உறுதி, கரண்ட் பில், தண்ணீர் பில், எல்லாம் அந்த முடுக்கு விலாசத்தில். முழுப் புள்ளி. அவருக்குப் பிறகு வந்த வெள்ளவத்தைக்காரர்களும் அப்படியே. எல்லாரும் ஒரே முடுக்கில் குடியிருந்தார்கள். இவ்வளவு சனமும் எப்போது குளிக்கிறது என்று கனகேஸ்வரி யோசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா மகள் மதுசாலினியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளைக்குப் புதுச் சட்டை, இரண்டு பக்கமும் றிபன்.

இராசரத்தினம் விலாசத்தைப் பார்த்தார். மற்றக் கடதாசிக் கட்டைப் புரட்டினார். "அம்மா, இந்த வீட்டில ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குது."

"யாருங்க?"

"கதிர்காமநாதன், மனைவி, ரெண்டு பிள்ளையள், ஒரு வேலைக்காரப் பிள்ளை."

வெள்ளையம்மா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அந்த ரூம்புல நாங்க மூணு பேரு படுத்தாலே கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குங்க. அவுங்க எங்கங்க படுக்கிறாங்க?"

வளவுக்காரர் ஒவ்வோர் அறையையும் கடதாசியில் நாலைந்து தரம் குத்தகைக்கு விட்டிருந்தார். அறைக்குள் உண்மையாகவே இருந்தவர்களுக்கு மட்டும் அவர் ஒரு துண்டும் கொடுத்ததில்லை. வெள்ளையம்மாவிடம் இருந்தது பொலிஸ் பதிவு மட்டும்தான். சுற்றிவளைப்பு நாட்களில் வீடு வீடாக வந்து தமிழர் விபரம் எடுத்தபோது கொடுத்த நகல். அதில் 'கொழும்புக்கு வந்த காரணம்' என்ற இடத்தில், எழுதிய பொலிஸ்காரர் அதிகம் யோசிக்காமல் 'பிறந்தது' என்று போட்டிருந்தார்.

"இது வெளியில இருந்து வந்து தங்கியிருக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறது" என்றார் இராசரத்தினம். "இதைக் காட்டினால் இவ தற்காலிகம் எண்டுதான் வரும்."

"இவ அங்கதான் இருக்கிறா. நான் ஒவ்வொரு நாளும் என்ர கண்ணால காணுறன்" என்றார் கனகேஸ்வரி.

"அதிபர் கண்ணால கண்டதுக்குப் புள்ளி இல்லை மிஸ்."

"அப்ப மற்றக் கடதாசியள் பொய் எண்டு எழுதுங்கோ."

இராசரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "எழுதலாம். எழுதினால் எல்லாற்ர கடதாசியும் போகும். பள்ளிக்கூடம் பழையபடி காலி. காலியெண்டால் மூடச் சொல்லுவினம். இப்ப பிள்ளையளின்ர தொகையைக் காட்டித்தான் கணக்கு ரீச்சரும் கேட்டிருக்கிறன், மலசலகூடத்துக்கும் போட்டிருக்கிறன். யோசிச்சுச் செய்யுங்கோ."

கனகேஸ்வரி யோசித்தார். வெளியே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக முடுக்கைக் கடந்துகொண்டிருந்தார்கள். பேனையை எடுத்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். வாயால் ஒருநாளும் சொல்ல வராத பொய் கைக்குச் சுலபமாக வந்தது. அன்று வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிய வெள்ளையம்மா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். அவர் வழக்கம்போல இடியப்பம் விற்றார், வழக்கம்போல வாளியையும் நிரப்பி வைத்தார். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

மதுசாலினியோடு சேர்த்து முடுக்குப் பிள்ளைகள் ஏழு பேருக்கு இடம் கிடைக்கவில்லை. கனகேஸ்வரி கிராண்ட்பாஸில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போன ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து அதிபர் பூபாலசிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"ஏழு பிள்ளையளோ?" பூபாலசிங்கம் கதிரையைவிட்டு எழும்புகிற சத்தம் கேட்டது. "உண்மையாயோ? ரீச்சர், ஒருத்தரையும் வேற இடத்துக்குப் போக விடாதேங்கோ. நான் இப்பவே ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன். கடதாசி ஒண்டும் வேண்டாம். பிள்ளையள் மட்டும் போதும்."

வருஷம் பிறந்ததும் அந்த ஓட்டோ தினமும் வந்தது. காலையில் ஏழு பிள்ளைகளும் அதில் அடைந்துகொண்டு முடுக்கைவிட்டு வெளியேறும்போது, எதிரே வெள்ளவத்தை வான்கள் உள்ளே வரும். முடுக்கு வாசலில் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் ஹோன் அடித்துக்கொண்டு நிற்கும். சந்தியில் காவல் நின்ற சின்ன வயதுச் சிப்பாய்க்கு இது பெரிய சந்தேகமாகிவிட்டது. ஒருநாள் கனகேஸ்வரியை மறித்துச் சிங்களத்தில் கேட்டான். இங்கே இருக்கிற பிள்ளைகள் அங்கே போகிறார்கள், அங்கே இருக்கிறவர்கள் இங்கே வருகிறார்கள், இது என்ன வேலை?

"இலவசக் கல்வி, தம்பி" என்றார் கனகேஸ்வரி, அவனுடைய மொழியிலேயே.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் பகிடி விடவில்லை.

இராசரத்தினம் வாக்குத் தவறவில்லை. கணக்கு ஆசிரியர் வந்தார். மலசலகூடம் வரிசையாக ஆறு கட்டினார்கள். திறப்பு விழாவில் கதிர்காமநாதன் றிபன் வெட்டினார். மற்ற வகுப்புகளுக்கும் இடமாற்றத்தில் பிள்ளைகள் வந்து சேர, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொகை முந்நூறைத் தொட்டது. கனகேஸ்வரிக்கு ஒரு நினைப்பு மட்டும் இருந்தது. நேர்முகமெல்லாம் ஒன்றாம் வகுப்புக்குத்தான். இரண்டாம் வகுப்புக்கு இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து இடமாற்றத்தில் வருகிற பிள்ளையிடம் யாரும் கரண்ட் பில் கேட்பதில்லை. வருஷம் முடிந்ததும் இடமாற்றக் கடதாசியில் தன் பக்கத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு முடுக்கைக் கடந்தார்.

"வெள்ளையம்மா, தையிலயிருந்து பிள்ளை இங்கயே படிக்கலாம். எல்லாம் சரி. பூபாலசிங்கத்தாரின்ர ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அந்த மனுசன் அழுவார், நான் கதைக்கிறன்."

வெள்ளையம்மா இடியப்பத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார். "வேணாங்க டீச்சரம்மா. அங்கயே படிக்கட்டும்."

"ஏன்? கோபமோ?"

"கோவமெல்லாம் இல்லீங்க. அங்க எல்லாருக்கும் எம்புள்ள பேரு தெரியும். காச்சல்ல ரெண்டு நாளு போகாததுக்குப் பெரிய சாரே வீட்டுக்கு வந்துட்டாருங்க, பழமெல்லாம் வாங்கிக்கிட்டு. இங்க இம்புட்டுப் புள்ளைங்க இருக்காங்க. ஒங்களுக்கு எல்லாரு பேரும் தெரியுங்களா?"

"தெரியாது" என்றார் கனகேஸ்வரி.

திரும்பி வந்து தன் அறையில் இருக்க மனம் வரவில்லை. நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போனார். வருஷக் கடைசி, பிள்ளைகள் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பையனிடம் பெயர் கேட்டார். பையன் துள்ளி எழுந்து, கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"எனது பெயர் கதிர்காமநாதன் அபிராம். நான் எனது பெற்றோருடன் இப்பள்ளிக்கூடத்தின் முன்பாக ஐந்து வருடங்களாக வசித்து வருகிறேன்."

"முன்னுக்கோ? ஸ்கூல் விட்டாப் பிறகு எங்க போவாய்?"

"வெள்ளவத்தைக்கு."

"அங்க என்ன இருக்குது?"

பையன் அவரை அண்ணாந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "அம்மா அதைச் சொல்லக்கூடாதெண்டு சொன்னவ."

கனகேஸ்வரி அவனுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வாங்கிலில் ஒடுங்கி உட்கார்ந்தார். "சரி ராசா, அதைச் சொல்லவேண்டாம். உன்ர பேரை மட்டும் இன்னொருக்காச் சொல்லு."

"அபிராம்."

"அபிராம்" என்று அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார். அது எழுந்து நின்று, கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.