கேக்கின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் வருடம் என் கணவருக்கு வேலூரிலிருந்து இங்கே மாற்றல் வந்தது. சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறின. மூடியில் கண்ணாடி பதித்த வட்ட அலுமினிய ஓவனை மட்டும் நான் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குத் திருமணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. மடியில் வைத்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

புது மாவட்டம் என்பதால் எங்களைப் போலவே நிறைய குடும்பங்கள் வந்து இறங்கின. சென்னையிலும் வேலூரிலும் இருந்து பழகியவர்கள். பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு கேக் வெட்ட வேண்டும் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிகளில் டீ கேக்கும் ரஸ்க்கும் பன்னும்தான் கிடைக்கும். என் கணவர் ஒருநாள் நான் செய்த கேக்கில் நான்கு துண்டுகளை டிபன் டப்பாவில் ஆபீசுக்கு எடுத்துப்போனார். அவருடைய பிரிவுக் கண்காணிப்பாளர் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வாரமே அவருடைய மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர்களுடைய பெண்ணுக்கு முதல் பிறந்த நாள் வருகிறது என்றார். என் முதல் ஆர்டர் அதுதான்.

வேலையை நான் முறையாகச் செய்தேன். மைதாவை மூன்று முறை சலிப்பேன். முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்குச் சர்க்கரையும் வெண்ணெயும் எடுப்பேன். சாயங்காலத்தில் கரண்டு கம்மியாக வரும், கேக் நடுவில் குழி விழும். அதனால் விடியும்முன் எழுந்து ஓவனைப் போடுவேன். கார்த்திகையில் மாலை போட்டிருக்கும் வீடுகளுக்கு முட்டை இல்லாமல் தயிரும் சோடா உப்பும் சேர்த்துச் செய்வேன். அது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பௌர்ணமியில் பிறந்த நாள் வந்தால் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் தெருவில் இறங்கி கேக்கோடு நடக்க முடியாது.

அந்த முதல் ஆர்டரின்போது கண்காணிப்பாளரின் மனைவி மறுபடியும் ஒருமுறை வந்தார். உட்காரவில்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே. கேக்கு மேல பேரு எழுதறீங்க இல்ல, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கறுப்புப் பொட்டு வெச்சுடுங்க. மாமியார் சொல்லச் சொன்னாங்க. கொழந்தைக்குக் கன்னத்துல வெக்கற மாதிரி."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ரோஜா நிற ஐசிங்கின் மேல் குழந்தையின் பெயர், அதன் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. எந்த ஊர் பேக்கரிக்காரனுக்கும் தோன்றாத அழகு என்று நினைத்தேன். கோகோவை வெண்ணெயில் குழைத்து, பட்டர் பேப்பர் கூம்பில் போட்டு, ஒரே அழுத்தில் வைத்தேன். ஓரம் கலையாமல் வட்டமாக வந்தது. பிறகு அந்த அம்மாள் சொன்னார், விருந்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பொட்டு இருந்த துண்டுக்குத்தான் சண்டை போட்டார்களாம்.

அவர்கள் வீட்டைப் பார்த்து அடுத்த வீடு கேட்டது, பிறகு அதற்கடுத்த வீடு. சிலர் கேட்காமலேயே நான் வைத்தேன். ஊரில் என்னைப் பொட்டு கேக்குக்காரம்மா என்றார்கள். தையல் கடைக்காரர்கள் காலரில் துணிப்பட்டி வைத்துத் தைப்பதைப் போல இது என் கடையின் அடையாளம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கேஸ் ஓவன் வாங்கினோம். வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டியபோது சமையலறையில் எனக்கென்று தனி மேடை போட்டோம். குழந்தைக்காக வேலூரில் பார்த்துவந்த வைத்தியத்தை அந்தச் சமயத்தில்தான் நிறுத்தினோம்.

இத்தனை வருடத்தில் எனக்கு ஒரே ஓர் ஆசை மட்டும் தீராமல் இருந்தது. நான் செய்த கேக்கை ஒரு குழந்தை வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கேக்கை எடுத்துக்கொண்டு நானேதான் போவேன். கூடத்து மேஜையில் வைத்து அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காட்டுவேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். எனக்குக் குங்குமம் கொடுப்பார்கள், தட்டில் ஜாக்கெட் துணி வைத்துக் கொடுப்பார்கள். குழந்தையைக் கேட்டால் இப்போதுதான் தூங்கியது என்பார்கள். இருட்டுவதற்குள் கிளம்புங்கள், ரோட்டில் லாரி ஜாஸ்தி என்பார்கள். மறுநாள் ஒரு டப்பாவில் கேக் துண்டும் மிக்சரும் மறக்காமல் வீட்டுக்கு வரும். மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த நாளும் அதுவுமாக, பலூன் கட்டிய வீட்டில், சாயங்காலம் எல்லாக் குழந்தைகளும் எப்படித் தூங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலை. பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போடுவதற்காகத் தன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தாள். அவள் ஊருக்குப் புதிது, ஊர்ப் பேச்சு எதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. குழந்தை என் இடுப்பில் இருந்து என் தாலிச் சரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். நான் முன்பின் பார்க்காத ஒரு பெண். ஆர்டர் கொடுக்க வந்தவள். என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக் போடற அம்மா வீட்ல இல்லீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "பரவால்ல, நீங்களே சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு கிலோ. கறுப்புப் பொட்டு மறந்துடப் போறாங்க, அத மட்டும் அழுத்திச் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்கள ஒண்ணும் கொற சொல்லலீங்க. தங்கமான மனுஷின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா பாவம், புள்ள இல்லாதவங்க. வேற வீட்டுக் கொழந்த பேர எழுதறப்போ மனசுல ஒரு ஏக்கம் இருக்கும் இல்ல? அந்தக் கண்ணு சும்மா வுடுமா? பொட்டு இருந்தா அதுலயே போயிடும். நீங்க புள்ள பெத்தவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

போகும்போது அவள் என் இடுப்பிலிருந்த குழந்தையின் தாடையைத் தொட்டுக் கொஞ்சினாள். கன்னத்தில் பொட்டு இல்லையே என்று என்னைக் கடிந்துகொண்டாள். நான் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்ததும் குழந்தையைக் கொடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கான ஆர்டரைக் குறித்துவைத்தேன்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். ஆச்சரியப்படவில்லை. உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். ஆபீசில் பேசிக்கொள்வார்கள் என்றார். எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை.

"கஸ்டமர் கேக்கறாங்க, நாம வெக்கறோம். அவ்ளோதான். டீக்கடையில சக்கரை கம்மி, டிகாஷன் ஜாஸ்தின்னு சொல்றதில்லியா? அது மாதிரி எடுத்துக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. வேறு என்ன சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கேக் வாங்க வந்தபோது நான் உள்ளேயே இருந்துவிட்டேன். அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பொட்டு இருக்கிறதா என்று அவள் பெட்டியைத் திறந்து பார்க்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

பிறகு ஒரே ஒருமுறை பொட்டு வைக்காமல் கேக் கொடுத்துப் பார்த்தேன். ஆறு வருடமாக என்னிடம் வாங்கும் வீடு. பெட்டியைப் பிரித்ததும் அந்த வீட்டு அம்மாள் பொட்டு விட்டுப்போய்விட்டது போல என்று மெதுவாகச் சொன்னாள். மறந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை என்றாள். அவளுடைய மாமியார் உள்ளறையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுடைய உறவுக்காரர்கள் வீடுகளிலிருந்தும் வரவில்லை. நான் மறுபடியும் வைக்க ஆரம்பித்தேன். அதே கோகோ, அதே வெண்ணெய், ஒரே அழுத்து. கை பழகியிருந்தது. குழந்தையின் பெயரை எழுதும்போது மட்டும், எழுதி முடிக்கும்வரை மனதில் எதையும் நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன். எதையாவது நினைத்துவிட்டேனோ என்று பிறகு பயமாக இருக்கும். அவர்கள் சொல்வதை நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

என் தங்கையைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். என்னைவிடப் பத்து வயது சிறியவள். அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். முதல் பிறந்த நாளுக்கு நான்தான் கேக் செய்ய வேண்டும் என்று அவளே போனில் சொன்னாள். "நீ இருந்துதான்க்கா வெட்டணும்" என்றாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் இருந்தேன்.

வெள்ளை ஐசிங்கில் நீல எழுத்தில் அவன் பெயரை எழுதினேன். பொட்டு வைக்கவில்லை. இது என் சொந்தத் தங்கை வீடு. பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மணிலாக் கடலை பிடுங்கி முடித்த வயல்கள். கேக் துளியும் அசையவில்லை.

தங்கை பெட்டியைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கேக்கின் ஓரங்களைப் பார்த்தாள், ஒரு பக்கம், மறு பக்கம். மூடியை மெதுவாகப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

"அக்கா, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. எனக்கு அதுலலாம் ஒண்ணும் இல்ல. மாமியார் வெளிய போயிருக்காங்க. அவங்க வந்து பாக்கறதுக்குள்ள அந்தப் பொட்ட வெச்சுடேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைக்கப் போனாள். நான் அவள் கையைத் தடுத்தேன். காப்பித்தூள் நீர் விடும், வெள்ளை ஐசிங்கில் ஓடிப் பெயரைக் கறையாக்கிவிடும். சர்க்கரை எடு என்றேன். இரும்புக் கரண்டியில் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் காட்டினேன். பொன்னிறம் தாண்டி, பழுப்பு தாண்டி, கரிந்து புகை வரும்வரை வைத்திருந்தேன். கொஞ்சம் ஆறவிட்டு, ஈர்க்குச்சியின் நுனியில் எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓரம் கலையாமல் வட்டமாக வந்தது.

"சூப்பரா இருக்குதுக்கா" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது. கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, கேக்கை எடுத்துக்கொண்டு போனாள். "வாக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் போனாள்.

கரிந்த சர்க்கரையை உடனே கழுவாவிட்டால் கல்லாகிவிடும், பிறகு கரண்டியிலிருந்து போகாது. நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்தேன். உள்ளே கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. பாட்டுப் பாடினார்கள். கை தட்டினார்கள். குழந்தை பயந்து அழுதான், பிறகு யாரோ எதையோ காட்டிச் சிரிக்கவைத்தார்கள். நான் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுக் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கையின் மாமியார் பின்கதவு வழியாக வந்தார். கையில் ஒரு காகிதத்தில் கேக்கின் ஓரத் துண்டு ஒன்று இருந்தது. அதில் என் பொட்டு அப்படியே இருந்தது, கத்தி படவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு படலைத் திறந்து, அதைச் சந்து முனையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பஞ்சு மாதிரி இருக்குதும்மா கேக்கு. ஒனக்கு எடுத்து வெச்சிருக்கேன், டப்பாவுல போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போ" என்றார்.

சரிங்கம்மா என்றேன். பொட்டு இருக்கும் துண்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கண்காணிப்பாளரின் மனைவி என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் என்னிடம் அன்பாக இருந்தவர். அதனால்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டேன். மறுநாள் வேங்கிக்காலிலேயே ஓர் ஆர்டர் இருந்தது, இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. வீட்டுக்கு வந்ததும் மைதாவைச் சலித்துவைத்தேன். கோகோவையும் சலித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடிவைத்தேன்.