புகை பார்க்கும் ஓர்பெலினா

ஏணியைத் தோளில் தாங்கியபடி, மேட்டுத் தெருவின் வளைவில் நின்று, ஓர்பெலினா மான்சில்யா புகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலை எட்டரை மணி. மழை. உலகின் தென்கோடியிலுள்ள சீலோவே தீவில், நடுக் குளிர்காலமான ஜூலை மாதத்து எட்டரை மணிக்கு மழை இல்லாவிட்டால்தான் அதிசயம். கீழே கடல் வரைக்கும் தகரக் கூரைகள் படிப்படியாக இறங்குகின்றன. கூரைக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு புகை.

"பச்சைக் கதவு வீட்டுல இப்பதான் எந்திரிச்சு அடுப்பு மூட்டுறாங்க. சோம்பேறிங்க," என்கிறாள், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சத்தமாக. "ரொட்டிக்கடைக் குழாய் புகைய நல்லா இழுக்குது. அந்த மஞ்ச வீட்டைப் பாரு, ஈர விறகு! கறுப்பா கக்குது. போன வாரமே சொன்னேன், கேட்டாத்தானே."

பிறகு ஏணியைச் சரிசெய்துகொண்டு மஞ்சள் வீட்டை நோக்கி இறங்குவாள். அங்கே அவளை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் கதவைத் தட்டுவாள்.

வயது ஐம்பத்தாறு. உயரம் குறைவு, எடை நாற்பத்தேழு கிலோ. கூரை ஏறிப் புகைக்குழாய் துடைக்கும் இந்தத் தொழிலுக்கு அந்த நாற்பத்தேழுதான் அவளுடைய முதல். கடற்காற்று தின்ற தகரங்கள் பலவற்றில் துரு மட்டுமே மிச்சம். கனத்த ஆட்கள் ஏறினால் கால் உள்ளே போய்விடும். "ஆம்பளைங்க ஏறினா கூரை அழுவுது. நான் ஏறினா பூனைன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருக்குது," என்பாள். ரப்பர் பூட்ஸுக்கு மேலே கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்வாள், ஈரத் தகரத்தில் வழுக்காமலிருக்க. ஆணி வரிசை எங்கே போகிறதோ அங்கே அடியில் மரச்சட்டம் இருக்கும். அந்த வரிசையை விட்டு அவள் கால் விலகாது.

பத்தொன்பது வருடம் மீன் தொழிற்சாலையில் செதில் சீவினாள். அங்கிருந்து வந்தது அவள் கட்டியிருக்கும் அந்த வெள்ளை ரப்பர் ஏப்ரன். இப்போது அதில் வெள்ளையைத் தேடவேண்டும். முன்பையில் ஒரு சுத்தியல், ஒரு கைப்பிடி ஆணி, ரப்பர் வாஷர்கள், விடாமல் சப்புவதற்குப் புதினா மிட்டாய். முதுகில் கம்பி பிரஷ், ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொள்ளும் கழிகள். மே மாதம் குளிர் இறங்குவதற்கு முன்பே கூரைகளில் தளர்ந்த ஆணியை இறுக்கி, ஓரத் தகர ஓடைகளில் அடைத்த பாசியையும் இலையையும் வாரிவிடுவாள். குளிர் வந்த பிறகு புகைக்குழாய்கள். செப்டம்பர் வரை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

குழாயை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். "கணீர்னா வெறும் வயிறு. பொத்துன்னா தின்னு தின்னு அடைச்சுக்கிட்டிருக்கு." விறகையும் அப்படித்தான் சோதிப்பாள். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று மோதுவாள். விறகு வண்டிக்காரனுக்கு அவளைத் தூரத்தில் கண்டாலே முகம் சுருங்கும். "இது விறகா? கடல்ல குளிச்சிட்டுத் தலை துவட்டாம வந்த மாப்பிள்ளை!" என்று அவனுடைய வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே கேட்டுவிடுவாள்.

வேலை முடிந்ததும் அடுப்பை மறுபடி மூட்டச் சொல்லி, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை ஓரிரு நொடி நிறுத்திப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் நாற்காலி, அதற்குப் பிறகுதான் மாத்தே பானம். குளிர்காலம் முழுக்கத் தன் படுக்கையறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வைத்திருப்பாள். அவள் கணவர் செகுந்தோ தலைக்குக் கம்பளிக் குல்லாவோடு தூங்குகிறார். "இவளைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு படகைக் கட்டிக்கிட்டிருந்தா, அதுலயாவது ஒரு அறை கதகதப்பா இருந்திருக்கும்," என்று ரொட்டிக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது தோன் பவுதிலியோ ஓயர்சூனின் வீடு. எழுபத்தெட்டு வயது; பெரியவர்களை ஊரில் மரியாதையாகத் 'தோன்' என்பார்கள், பெண்களானால் 'தோன்யா'. கால்வாயைக் கடக்கும் படகில் முப்பத்தோரு வருடம் எஞ்சின் பார்த்தவர். தங்கை ரோசால்பாவோடு இருக்கிறார். ஊரில் ஓர்பெலினாவைக் கூரைப் பக்கம் அண்டவிடாத ஒரே மனிதர் அவர்தான். தன் கூரை, தன் குழாய், தன் ஏணி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். சென்ற ஜூலையில் அவருடைய புகை சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

"தோன் பவுதிலியோ! உங்க புகை நிமிர மாட்டேங்குதே. கூரை மேலேயே படுத்துக்குது," என்று தெருவிலிருந்து கத்தினாள்.

அவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "வயசாயிடுச்சும்மா அதுக்கு. உன்ன மாதிரி குமரியா?"

"ஏறிப் பாக்கட்டுமா? பத்தே நிமிஷம்."

"எஞ்சின் வயித்துக்குள்ள கைய விட்டு எடுத்தவன் நான். ஒரு தகரக் குழாய்க்கு ஓர்பெலினாவக் கூப்பிட்டேன்னு துறைமுகத்துல தெரிஞ்சா, என் மீசையப் பாத்துச் சிரிப்பானுங்க."

"மீசை எங்க இருக்கு?"

"நேத்துத்தான் எடுத்தேன். நீ கிண்டல் பண்ணுவேன்னு தெரிஞ்சு!"

இருவரும் சிரித்தார்கள். இப்படியே ஒன்பது நாள். தினமும் அவள் ஒன்று சொல்வாள், அவர் ஒன்று சொல்வார். அவருடைய ஏணி கொட்டகைச் சுவரோரம் கிடந்ததையும், அதன் படிகளுக்கு நடுவே புல் வளர்ந்து வெளியே எட்டிப்பார்த்ததையும் அவள் கவனித்தாள். அவர் நடக்கும்போது வலது முழங்காலை மடக்காமல் இழுப்பதையும் கவனித்தாள். ஆனால் அதைச் சொன்னால் மனுஷர் நொந்துபோவாரே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அவர் மிகுந்த பெருமையோடு ஜன்னல்களைக் காட்டினார். சட்டங்களைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தார், கதவின் கீழ் இடுக்கில் பழைய கம்பளியைத் திணித்திருந்தார். "வடக்குக் காத்து இனிமே ஊசி முனை அளவுகூட நுழையாது. எங்க, உன் வேலையில இப்படி ஒண்ணு காட்டு பாப்போம்!"

பின்னால் நின்ற ரோசால்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா தலை பாரமா இருக்கு ஓர்பெலினா. தூக்கம் தூக்கமா வருது. இந்தக் குளிர்தான்."

"டீ போட்டுக் குடிங்க தோன்யா ரோசால்பா," என்றுவிட்டு ஓர்பெலினா இறங்கிப் போனாள்.

மறுநாள் நண்பகல் ரொட்டிக்கடைக் கூரையில் இருந்தாள். பிரஷ் பாதிக் குழாயில் இறங்கியிருந்தது. நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். எல்லா வீடுகளும் சமையல் நேரத்துப் புகையைத் தள்ளிக்கொண்டிருந்தன. உச்சி வீட்டுக் குழாயில் மட்டும் ஒரு நூல், அதுவும் அறுந்து அறுந்து. அந்த நேரத்தில் ரோசால்பா குழம்புக்குத் தண்ணீர் வைப்பாள், அடுப்பில் விறகை அடுக்குவாள். இருபது வருடமாக அந்தப் புகை மணி தவறியதில்லை. தலை பாரம், தூக்கம், டேப் ஒட்டிய ஜன்னல் மூன்றும் அவள் மனதில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்து நின்றன.

பிரஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு ஏணியில் சறுக்கி இறங்கினாள்.

"ஏய்! என் அடுப்பு! மாவு பொங்கி நிக்குது!" என்று ரொட்டிக்கடை வலேரிகோ கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அவள் திரும்பவில்லை.

கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. வேறு பதில் இல்லை. தள்ளினாள், கம்பளி தடுத்தது. தோளால் முட்டித் திறந்தாள். ரோசால்பாவின் தலை மேஜைமேல் கிடந்தது, பக்கத்தில் பாதி தோல் உரித்த உருளைக்கிழங்கு. தோன் பவுதிலியோ நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. "யா... யாரு..." என்றார், நாக்கு புரளாமல். அறையில் புகை இல்லை. வாசனையும் இல்லை. இதமான வெப்பம்தான் இருந்தது. அடைத்த குழாய் அறைக்குள் திருப்பித் தள்ளும் விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சை அடக்கிக்கொண்டு சுத்தியலால் ஒரு ஜன்னலை உடைத்தாள், அடுத்ததையும் உடைத்தாள். ரோசால்பாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போய் முற்றத்து மழையில் கிடத்தினாள். திரும்பி ஓடினாள். தோன் பவுதிலியோ அவளைப்போல இரண்டு ஆள். தூக்க முடியாமல் நாற்காலியோடு சேர்த்து இழுத்தாள். வாசற்படியில் நாற்காலிக் கால் மாட்டிக்கொண்டது.

"வலேரிகோ! சும்மா நிக்காத, பிடி!"

கையில் மாவோடு வாசலில் திகைத்து நின்ற வலேரிகோ பாய்ந்து வந்து பிடித்தார். நாற்காலியும் மனிதரும் மழைக்குள் வந்து விழுந்தார்கள். சிறிது நேரத்தில் ரோசால்பா புரண்டு வாந்தி எடுத்தாள். ஒருவர் வாந்தி எடுப்பதைப் பார்த்து ஓர்பெலினா அவ்வளவு மகிழ்ந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. "எடு எடு, எல்லாத்தையும் எடு, என் கண்ணு," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ரொட்டிக்கடைக்குத் திரும்பி மீதிக் குழாயையும் துடைத்து முடித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவள், தட்டிலிருந்த கிழங்கைக் கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உண்ணவில்லை.

"காப்பாத்திட்டியே, இப்ப என்ன?" என்றார் செகுந்தோ.

"பத்து நாளு பாத்துக்கிட்டே போனேன் செகுந்தோ. மீசையப் பத்திப் பேசிச் சிரிச்சேன். டீ குடிங்கன்னு சொன்னேன். டீ!" கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். செகுந்தோ எழுந்துபோய், அவருக்குப் பிடிக்காத அந்த ஜன்னலை இன்னும் ஒரு விரல் அதிகமாகத் திறந்துவைத்தார்.

நான்காம் நாள் அண்ணனும் தங்கையும் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை ஓர்பெலினா கண்ணாடியும் ஏணியும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினாள். தோன் பவுதிலியோ போர்வையைப் போர்த்திக்கொண்டு அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஜன்னலை உடைச்சது நான்தானே. அதான் புதுசு கொண்டாந்தேன்," என்றாள்.

கண்ணாடிகளைப் பொருத்தி, ஓரங்களை அடைக்க மக்கு பூசினாள். ரோசால்பா ஒரு தடவை கடந்துபோகும்போது ஓர்பெலினாவின் தோளைத் தொட்டாள். அவள் மக்குக் கத்தியைத் துடைக்கும்போது தோன் பவுதிலியோ தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"குழாயப் பாத்துடு."

அவள் ஏறினாள். பாதிப் படியில் ஏணி அசைவது நின்றதை உணர்ந்து கீழே பார்த்தாள். போர்வையோடு, மடங்காத காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் ஏணியைப் பிடித்திருந்தார்.

"உள்ள போங்க, நனையுறீங்க."

"உன் வேலையப் பாரு."

குழாயின் தலையிலிருந்த தகரத் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே கரி, தார் போல உருகி, கண்ணாடி போல இறுகியிருந்தது. நடுவில் ஒரு விரல் நுழையும் துளைதான் மிச்சம். சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்து, கீழ்வரை பிரஷ் இறக்கி, இறங்கி வந்து, அடுப்பு வாயில் விழுந்ததை வாளியில் வாரினாள். வாளி விளிம்பு வரை நிறைந்தது.

அவர் வாளிக்குள் வெகுநேரம் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்க முயன்றார். நசுங்கவில்லை.

"ஒரு வருஷத்துல இவ்வளவு சேருமா?" என்று கேட்டாள் ரோசால்பா.

"ஈர விறகுன்னா சேரும் தோன்யா," என்றாள் ஓர்பெலினா வேகமாக.

"இல்ல." அவர் துண்டை வாளிக்குள் போட்டார். "போன வருஷமும் நான் ஏறல. முட்டி விடல. ஏறுனேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன் ரோசால்பா. எஞ்சின்காரன்... கூடப் பொறந்தவளக் கொல்லப் பாத்தேன்."

ரோசால்பா அண்ணனைப் பார்த்தாள். "முட்டி வலிச்சா வலிக்குதுன்னு சொல்றதுக்கென்ன, கிழட்டுக் கழுத!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீக்குச்சியை எடுத்துப் போய் அடுப்பின் முன் மண்டியிட்டாள்.

தீ ஒரே மூச்சில் பிடித்தது. குழாய் ஹோவென்று இழுத்தது. ஓர்பெலினா இணைப்புகளில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள். இரண்டாவது ஜன்னலில் தோன் பவுதிலியோ தானே உரிக்கத் தொடங்கியிருந்தார். மூன்று பேரும் ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றி மாத்தே குடித்தார்கள். பேச்சு துறைமுகத்தைப் பற்றியும் கிழங்கு விளைச்சலைப் பற்றியும் போயிற்று. கிளம்பும்போது அவர், "அடுத்த மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ," என்றார்.

"கூப்பிடாட்டியும் வருவேன்," என்றாள்.

வெளியே வேலியோரம் இரண்டு மூன்று பேர் கூடியிருந்தார்கள். ரொட்டிக்கடை வலேரிகோவும் நின்றார். பக்கத்து வீட்டு ஹில்தா குடைக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டினாள். "என்ன ஓர்பெலினா, பெரிய எஞ்சின்காரர் வீட்டுக் குழாயில எவ்வளவு இருந்துச்சு? காட்டேன்!"

ஓர்பெலினா வாளியைக் கீழே வைத்தாள். மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை வாளிக்கு மேலே விரித்து, நான்கு பக்கமும் செருகி மூடினாள். வெறும் கம்பளிச் சட்டையோடு, கொட்டுகிற மழையில், வாளியைக் கையில் தூக்கி, ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினாள்.